கனமான லென்ஸும் லேசான பாடியும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க

நிக்கான் டி3500 கேமரா, பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து சுமார் 415 கிராம். சிக்மா 150-600 மிமீ கன்டெம்பரரி லென்ஸ் மட்டும் 1,930 கிராம். கேனன் இஓஎஸ் 200டி 453 கிராம். கேனனின் 70-200 மிமீ எஃப்/2.8 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். பாடியைவிட, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடலைவிட, மூன்று, நான்கு மடங்கு கனமான லென்ஸ்! இந்த ஜோடி ஒத்துப்போகுமா என்று கேட்டால், தாராளமாக ஒத்துப்போகும். ஆனால் நம் கைப்பழக்கம் முழுக்க கேமராவோடு வரும் கிட் லென்ஸில் கற்றுக்கொண்டது. பெரிய லென்ஸ் வந்தபிறகும் அதே மாதிரி பிடித்தால், அதே மாதிரி மாட்டினால், அதே மாதிரி தோளில் தொங்கவிட்டால், ஒவ்வொன்றும் ஒரு கோளாறாக வந்து நிற்கும்.

கீழே வரும் தீர்வுகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில் வந்து முடியும். கையோ ட்ரைபாடோ ஸ்ட்ராப்போ, தாங்குவது லென்ஸைத் தாங்கட்டும். பாடி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். புதுசாக எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

முதலில்: மங்கல் எந்த வகை?

"படம் ஷார்ப்பாக வரவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்புவது வீண். படத்தைக் கணினியில் நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள்.

கோடுகளும் ஒளிப்புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அல்லது இரட்டையாகத் தெரிந்தால், அது ஆட்டம். நீங்கள் குறிவைத்த கண் மங்கலாகவும், அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல், கிளை, தரை கூர்மையாகவும் இருந்தால், அது ஃபோகஸ் பிழை. நடுவும் இடப்பக்கமும் நன்றாக இருந்து வலது ஓரம் மட்டும் குழைந்திருந்தால், லென்ஸோ, அது பாடியில் மாட்டும் மவுண்டோ சாய்ந்திருக்கலாம். எந்தத் திசையும் இல்லாமல் எல்லாமே லேசாக நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் அந்த நெளிவு மாறிக்கொண்டே இருந்தால், அது வெப்பக் காற்று. வெயிலில் சூடேறிய தரைக்கு மேலே நூறு மீட்டர் தாண்டி 600 மிமீ-யில் எடுத்தால் எந்தக் கேமராவும் அப்படித்தான் எடுக்கும். அதற்குக் கருவியில் மருந்து இல்லை. கிட்டே போங்கள், அல்லது காலையில் சீக்கிரம் போங்கள்.

கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம்

ஷட்டர் ஸ்பீடைப் பாருங்கள். குவியத் தூரத்தின் தலைகீழ் (600 மிமீ-க்கு 1/600 நொடி) என்ற பழைய கணக்கை இந்தப் பாடிகளில் உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்குத் திருத்திப் போட வேண்டும்: நிக்கானில் 1.5-ஆல், கேனனில் 1.6-ஆல் பெருக்குங்கள். 600 மிமீ என்றால் 900 அல்லது 960. ஆகவே 1/1000 நொடியை அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம். கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அசையாத பொருளுக்கு இதற்குக் கீழேயும் இறங்க முடியும். அசையும் பறவைக்கு அது உதவாது, அது உங்கள் கையை மட்டும்தான் சரிசெய்யும். ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். ஐஎஸ்ஓ 1600-இல் வரும் இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிய படத்தை மீட்க முடியாது.

ஸ்பீடு சரியாக இருந்தும் ஆடுகிறதா? பிடியைப் பாருங்கள். சின்ன பாடியின் கைப்பிடி ஆழமில்லாதது. லென்ஸோ தடிமனானது. இரண்டுக்கும் நடுவே விரல்களுக்கு இடம் போதாமல் கணுக்கள் லென்ஸ் பீப்பாயில் இடிக்கும். அந்த நெருக்கடியில் வலது கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிய கை நடுங்கும், அந்த நடுக்கம் நேராக ஷட்டர் பொத்தானுக்குப் போகும்.

இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில், சமநிலைப் புள்ளியில் வையுங்கள். அந்தப் புள்ளி எது என்று தேட வேண்டியதில்லை: வலது கையை எடுத்துவிட்டால் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் இடது கையிலேயே நிற்கும் இடம். பெரும்பாலான டெலி ஜூம்களில் அது காலருக்கு (ட்ரைபாடில் மாட்டுவதற்காக லென்ஸைச் சுற்றியுள்ள வளையம்) கொஞ்சம் முன்னால் இருக்கும். ஜூம் நீட்டினால் இன்னும் முன்னே நகரும். இடது முழங்கை விலா எலும்பில் ஊன்றட்டும். வலது கை இப்போது எதையும் தூக்கவில்லை. அது சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும், ஷட்டரை மெதுவாக அழுத்தட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஸ்டெபிலைசேஷன் போட்டிருந்தால் பொத்தானைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் காட்சி மிதப்பது நின்று படியும் வரை ஒரு கணம் பொறுத்திருங்கள். அது நிலைக்கு வருவதற்குள் முழுசாக அழுத்தினால் முதல் படம் வீணாகும். அப்புறம், தொடர்ந்து நான்கைந்து படம் எடுங்கள். பொத்தானை அழுத்தும் அசைவு முதல் படத்தைத்தான் கெடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் அதைவிடத் தெளிவாக இருக்கும்.

கை ஓய்ந்துபோய் நடுங்குகிறது என்றால் ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் வாங்குங்கள். ட்ரைபாட் அளவுக்கு உறுதி இல்லைதான், ஆனால் இரண்டு கிலோ எடையை உங்கள் தோளிலிருந்து இறக்கிவிடும்.

ட்ரைபாடில் வைத்தும் ஆட்டம்

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

ட்ரைபாட் பிளேட் (ட்ரைபாடின் தலையில் பூட்டும் தகடு) எங்கே திருகியிருக்கிறது? பாடியின் அடியில் என்றால் முதல் தவறு அதுதான். லென்ஸ் முழுவதும் முன்னால் துருத்திக்கொண்டு, தன் எடையால் மவுண்டையும் பாடியின் அடிப்பகுதியையும் ஒரே ஒரு 1/4 அங்குலத் திருகையும் வளைத்துக்கொண்டிருக்கும். பிளேட்டை லென்ஸ் காலரின் பாதத்துக்கு மாற்றுங்கள். பாதத்தில் நீளமான ஆர்க்கா வகை பிளேட் போட்டால் முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலைக்குக் கொண்டுவர முடியும். ட்ரைபாடின் தலையான பால் ஹெட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் குடை சாய்கிறது என்று பார்த்து நகர்த்துங்கள். ஹெட்டை இறுக்கியபிறகும் சட்டகம் மெல்லக் கீழே இறங்கினால் ஹெட் அந்த எடைக்குப் போதாது, அல்லது சமநிலை இன்னும் வரவில்லை. நகரும் பறவைகளைத் தொடர்வதாக இருந்தால் லென்ஸைச் சமநிலையில் ஊசலாட விடும் கிம்பல் ஹெட்தான் சரியான கருவி.

சில லென்ஸுகளுக்குக் காலர் பெட்டியோடு வராது. கேனன், நிக்கான் இரண்டின் 70-200 மிமீ எஃப்/4 லென்ஸுகளுக்கும் அது தனியாக வாங்க வேண்டிய பொருள். சிக்மா 18-35 மிமீ எஃப்/1.8 போன்ற 800 கிராம் லென்ஸில் காலருக்கு இடமே இல்லை; அங்கே பாடியில்தான் பிளேட் போட்டாக வேண்டும். அப்படிப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சின்ன பாடியின் அடிமட்டத்துக்குக் கீழே தடித்த லென்ஸின் வயிறு இறங்கியிருக்கலாம். அகலமான பிளேட்டை இறுக்க இறுக்க அதன் விளிம்பு லென்ஸை மேல்நோக்கி நெம்பும், அந்த அழுத்தம் முழுவதும் மவுண்டில் விழும். ஒரு துண்டுக் காகிதத்தை பிளேட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். தாராளமாக நகர்ந்தால் சரி. சிக்கினால் குறுகலான பிளேட்டுக்கு மாறுங்கள்.

இப்போது ஒரு சோதனை. பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவைப் போட்டு, தூரத்தில் உள்ள ஓர் எழுத்தையோ ஜன்னல் மூலையையோ உச்ச அளவுக்குப் பெரிதாக்குங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடின் நுனியை விரலால் லேசாகத் தட்டுங்கள். திரையில் அந்த மூலை மேலும் கீழும் துள்ளும், பிறகு சிறுகச் சிறுக அடங்கும். அடங்கும் வரை எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் நின்றுவிட்டால் 2 நொடி டைமர் போதும். அதைத் தாண்டியும் நடுங்கிக்கொண்டே இருந்தால் 10 நொடி டைமர் வையுங்கள், அல்லது ரிமோட் பயன்படுத்துங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றியிருந்தால் இறக்கிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காலருக்கும் ஹெட்டுக்கும் நடுவே எங்கேயோ தளர்ச்சி இருந்தாலும் இதே சோதனையில் அகப்பட்டுவிடும்.

ஆட்டம் சில ஷட்டர் ஸ்பீடுகளில் மட்டும் வருகிறதா? 1/500-இல் தெளிவு, 2 நொடியிலும் தெளிவு, 1/15-இல் மட்டும் எல்லாக் கோடும் இரட்டை என்றால், பாடிக்குள் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி எழும் அதிர்ச்சிதான் காரணம். 1/60-லிருந்து அரை நொடி வரை இது தொந்தரவு செய்யும். பாடி எவ்வளவு லேசோ அவ்வளவு அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அதிர்வை விழுங்கப் பின்னால் எடை இல்லை. மெனுவில் கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்-அப் இருந்தால் போடுங்கள். லைவ் வியூவிலிருந்து எடுப்பதும் ஒரு வழி, ஆனால் எல்லாப் பாடியிலும் பலிக்காது. தொடக்கநிலை நிக்கான் பாடிகளில் லைவ் வியூவில் இருந்தாலும் எடுக்கும் தருணத்தில் கண்ணாடி இறங்கி மறுபடி ஏறும். காதைக் கொடுத்துக் கேளுங்கள், ஒரே ஒரு மெல்லிய க்ளிக்குக்குப் பதிலாக 'கடக் கடக்' என்றால் கண்ணாடி ஆடுகிறது என்று அர்த்தம். அப்போது அந்த ஸ்பீடுகளையே தவிர்ப்பது நல்லது.

ஸ்டெபிலைசேஷன்? ஹெட்டை நன்றாக இறுக்கி, லென்ஸ் அசையாமல் நின்றால் அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடிப்போய் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும். கிம்பலைத் தளர்த்தித் தொடரும்போதும் மோனோபாடிலும் போட்டே வைக்கலாம். ட்ரைபாடைத் தானாகவே உணரும் லென்ஸுகளும் உண்டு, உங்களுடையது எது என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

ஃபோகஸ் எப்போதும் முன்னாலோ பின்னாலோ விழுகிறது

'எப்போதும்' என்பது முக்கியம். ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் என்றால் அது உங்கள் அசைவு, அல்லது ஃபோகஸ் புள்ளி கிளையில் மாட்டிக்கொண்டது. ஒரே பக்கமாகத் தவறினால் மட்டும் மேலே படியுங்கள்.

ட்ரைபாடில் வைத்து ஒரே பொருளை வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து சில படங்கள், லைவ் வியூ வழியாகச் சில படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸை முழுசாகக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள். லைவ் வியூ படம் தெளிவாகவும் வியூஃபைண்டர் படம் மங்கலாகவும் இருந்தால் லென்ஸின் கண்ணாடிகளில் குறை ஏதும் இல்லை. பாடியின் ஃபோகஸ் சென்சாரும் லென்ஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பெரிய பாடிகளில் இதைத் திருத்த மெனுவிலேயே வழி இருக்கும். டி3500, டி5600, 200டி மாதிரி லேசான பாடிகளில் அது இல்லை. எனவே லென்ஸ் பக்கமிருந்து திருத்த வேண்டும்: சிக்மாவுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானின் ஜி2 வகைக்கு டாப்-இன் கன்சோல். கணினியில் இணைத்து வேறு வேறு தூரங்களுக்கும், ஜூம் நிலைகளுக்கும் தனித்தனியாக மதிப்பு கொடுக்கலாம். லென்ஸ் வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்கு இது பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். இந்த வசதி இல்லாத லென்ஸ் என்றால், பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஜோடியாகப் பொருத்திப் பார்க்க அவர்களால் முடியாது.

ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிக் குவியத் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் (அதாவது பாதியை) 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். எஃப்/5.6 லென்ஸ் 1.4-உடன் எஃப்/8 ஆகிவிடும். தொடக்கநிலை பாடிகளின் ஃபோகஸ் அமைப்போ எஃப்/5.6 வரைக்கும்தான் உத்தரவாதம். இந்த ஜோடியில் கன்வர்ட்டரை நான் பரிந்துரைப்பதில்லை; ஆடுவதற்கு இன்னோர் இணைப்பையும் அது சேர்த்துவிடுகிறது.

கன்வர்ட்டர் இல்லையென்றால் நடுப் புள்ளிக்கு மாறுங்கள். டி3500-இன் 11 புள்ளிகளிலும் 200டி-யின் 9 புள்ளிகளிலும் நடுவில் உள்ள ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்குக் கோடு, கிடைக்கோடு இரண்டையும் உணர்வது. மங்கலான, கோடுகள் குறைந்த இடத்திலும் அதுதான் பிடிக்கும். அடுத்து, லென்ஸில் உள்ள ஃபோகஸ் எல்லை சுவிட்சைப் பாருங்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரி 2.8 மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஓட வேண்டியிருக்கிறது. பறவை தூரத்தில் என்றால் 10 மீட்டர் முதல் முடிவிலி என்ற நிலையில் வையுங்கள், தேடும் நேரம் சட்டென்று குறையும்.

தானியங்கி ஃபோகஸ் அசையவே இல்லை என்றால் லென்ஸின் வகையைப் பாருங்கள். நிக்கானின் பழைய 80-200 மிமீ எஃப்/2.8டி மாதிரி லென்ஸுகளைப் பாடியில் உள்ள மோட்டார்தான் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் கிடையாது. கையால்தான் ஃபோகஸ். வியூஃபைண்டரின் மூலையில் தெரியும் வட்டப் புள்ளி எரிந்து நிலைத்தால் ஃபோகஸ் சரி.

படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கல்

தட்டையான சுவர் ஒன்றை நேராக எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை மறுபடி எடுங்கள். இரண்டு படத்திலும் சட்டகத்தின் அதே பக்கம் மங்கினால் கோளாறு லென்ஸிலோ மவுண்டிலோ இருக்கிறது. சுவரின் அதே பகுதி மங்கினால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

லென்ஸா மவுண்டா என்று பிரிக்க, ஒரு படத்தை லென்ஸைத் தாங்கியும், இன்னொன்றைப் பாடியை மட்டும் தாங்கியும் எடுங்கள். தாங்கினால் சரியாகி, விட்டால் மங்குகிறது என்றால் மவுண்ட் தொய்கிறது. கிட் லென்ஸைப் போட்டும் அதே பக்கம் மங்கினால் பாடியின் மவுண்டேதான். இரண்டிலும் மாறாமல் பெரிய லென்ஸில் மட்டும் மங்கினால், லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது; அது சர்வீஸ் வேலை.

லென்ஸ் மவுண்டில் ஆடுகிறது

லென்ஸைப் பிடித்துத் திருகும் திசையில் மிக லேசாக அசைந்தால் பயப்பட வேண்டாம். பூட்டு ஊசிக்கும் அதன் பள்ளத்துக்கும் நடுவே அந்த இடைவெளி எல்லாக் கேமராவிலும் உண்டு. மேலும் கீழுமாக அசைந்தால், அப்போது இரண்டு வளையங்களும் சேரும் இடத்தில் கோடு போல இடைவெளி திறந்து மூடினால், அதுதான் கோளாறு.

லென்ஸைக் கழற்றி வளையங்களைப் பாருங்கள். திருகுகள் தலை நிமிர்ந்திருக்கிறதா, வளையத்தில் பளபளக்கும் உலோகத்தூள் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? தளர்ந்த திருகை இறுக்கலாம், ஆனால் அவை ஜப்பானிய ஜேஐஎஸ் வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் தலையை வழித்துவிடும். வளையத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் கேனன் இஎஃப்-இல் 44 மிமீ, நிக்கான் எஃப்-இல் 46.5 மிமீ. அதை நுட்பமாகச் சரிக்கட்டும் மெல்லிய தகடுகள் அடியில் இருக்கலாம், அவை இடம் மாறினால் எல்லா லென்ஸிலும் ஃபோகஸ் கெடும்.

லேசான பாடி என்றாலும் பெரும்பாலானவற்றில் மவுண்ட் உலோகம்தான். கேனன் இஓஎஸ் 4000டி ஒரு விதிவிலக்கு, அதில் பாடி மவுண்டே பிளாஸ்டிக். அதில் இரண்டு கிலோ லென்ஸைத் தாங்காமல் விடவே கூடாது. உலோக மவுண்டானாலும் அது திருகியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் உடலில்தான். அசையாமல் நிற்கும் எடையைவிட, நடக்கும்போது வரும் குலுக்கலும் வீச்சும்தான் அதை வருத்தும்.

'லென்ஸ் தொடர்பு' பிழைச் செய்தி

கேனனில் எர்ர் 01, நிக்கானில் லென்ஸ் மாட்டவில்லை என்ற செய்தி. கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, தங்க நிறத் தொடர்புப் புள்ளிகளைச் சுத்தமான உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள். வேண்டாம், அதன் துகள் உள்ளே விழும். மறுபடி மாட்டும்போது 'க்ளிக்' கேட்கிறதா பாருங்கள். கனமான லென்ஸில் இது அடிக்கடி நின்றுபோகும் இடம்: எடை இழுப்பதால் கடைசி ஒரு மில்லிமீட்டர் திரும்பாமலே விட்டுவிடுவோம். லென்ஸை முன்பக்கம் கீழாக, ஹூடைத் தலைகீழாக மாட்டி, மேசையில் நிற்க வையுங்கள். பாடியை மேலிருந்து இறக்கித் திருப்புங்கள். லேசான பொருளைத் திருப்புவது சுலபம், பூட்டும் சரியாக விழும்.

லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மட்டும் பிழை வருகிறது என்றால், மேலே சொன்ன மவுண்ட் சோதனைக்குத் திரும்புங்கள்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

நடக்கும்போது ஜூம் தானாக நீள்கிறதா? பூட்டு சுவிட்சைப் போடுங்கள். பூட்டு தேய்ந்திருந்தால் ஜூம் வளையமும் பீப்பாயும் சேரும் இடத்தில் ஓர் அகலமான ரப்பர் பட்டை போதும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா? ஸ்டெபிலைசேஷனும் பெரிய ஃபோகஸ் மோட்டாரும் அந்தச் சின்ன பேட்டரியிலிருந்துதான் குடிக்கின்றன; 200டி-யின் எல்பி-ஈ17 வெறும் 1,040 எம்ஏஎச். பொத்தானைப் பாதி அழுத்தியபடியே காத்திருக்காதீர்கள், ஒரு உதிரி பேட்டரி எடுத்துச் செல்லுங்கள். கேமராவை அணைத்த பிறகே லென்ஸைக் கழற்றுங்கள். ஸ்டெபிலைசேஷன் ஓடும்போது கழற்றினால் உள்ளே உள்ள கண்ணாடிக் குழு பூட்டப்படாமல் கடகடக்கும்.

படத்தின் கீழே அரைவட்ட நிழல்? பாடியின் பாப்-அப் ஃபிளாஷை லென்ஸ் மறைக்கிறது. ஹூடைக் கழற்றுங்கள், அப்படியும் தெரிந்தால் தனி ஃபிளாஷ்தான்.

கழுத்தில் மாட்டினால் முன்னால் சாய்கிறது

சாயத்தான் செய்யும், ஏனென்றால் ஸ்ட்ராப் பாடியின் காதுகளில் இருக்கிறது, எடை லென்ஸில் இருக்கிறது. நீங்கள் நடக்கும் ஒவ்வோர் அடியும் மவுண்டை நெம்பும். ஸ்ட்ராப்பை லென்ஸ் காலரின் பாதத்துக்கு மாற்றுங்கள். திருகு வழியாகத் தொங்கும் ஸ்ட்ராப் என்றால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்தத் திருகை விரலால் சோதியுங்கள், நடையின் ஆட்டத்தில் அது தளரும். பாடியின் காதிலிருந்து காலர் வரை ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டிவிடுங்கள்.

மேசையிலிருந்து தூக்கும்போதும் காரில் ஏறும்போதும் கை போக வேண்டியது லென்ஸுக்குத்தான். பையில் வைத்து நீண்ட தூரம் போவதாக இருந்தால் இரண்டையும் பிரித்து, மூடி போட்டு, தனித்தனி அறையில் வையுங்கள். பிரிக்க நேரமில்லை என்றால் பையின் அடித்தளம் லென்ஸின் முழு நீளத்தையும் தாங்கும்படி படுக்க வையுங்கள்.